பழைய கேம் பாய் (நிண்டெண்டோவின் கையடக்க விளையாட்டுக் கருவி) திரையில் செங்குத்தாகச் சில கோடுகள் விடுபட்டுத் தெரிகின்றன. கெட்டிருப்பது உள்ளே செருகும் விளையாட்டுக் கார்ட்ரிட்ஜா, திரையா?

இதே கேள்வியோடு நானும் சில வாரங்கள் அலைந்தவன் என்பதால் விடை எழுதுகிறேன். சிங்கப்பூரிலிருந்து அம்மான் தொண்ணூறுகளில் வாங்கி வந்த கேம் பாய் ஒன்று, கானாடுகாத்தானில் எங்கள் ஆயா வீட்டு இரண்டாங்கட்டு அறையில், பெட்டகத்துக்குள் பழைய கணக்குப் பேரேடுகளுக்கு அடியில் கிடைத்தது. 1989-இல் வெளிவந்த, செங்கல் கனத்தில் இருக்கும் அந்த முதல் மாதிரிதான். உள்ளேயே விட்டுவைத்திருந்த நான்கு பென்சில் பேட்டரிகளும் கசிந்து, ஸ்பிரிங்குகளில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. ஆல்கலைன் பேட்டரியிலிருந்து கசிவது காரம். ஆகவே எலுமிச்சைச் சாற்றில் தோய்த்த பஞ்சுக் குச்சியால் துடைத்து, பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் சுத்தம் செய்தேன். (மின்வேதியியலுக்கென்றே மத்திய ஆய்வகம் வைத்திருக்கும் காரைக்குடிக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு, பேட்டரியைக் கழற்றி வைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.)

புதிய பேட்டரி போட்டதும் ஒலி வந்தது, படமும் வந்தது. ஆனால் திரையின் இடப்பக்கத்தில் ஏழு செங்குத்துக் கோடுகள் வெளிறிக் கிடந்தன. பழுது பார்க்கும் கடையில் காட்டியபோது, கார்ட்ரிட்ஜ் கெட்டுவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். நானும் அதை நம்பி, அதன் செப்பு முனைகளை மூன்று நாள் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

உண்மையில், இயக்கியவுடன் மேலிருந்து இறங்கி வரும் நிறுவனப் பெயரைக் கவனித்திருந்தாலே போதும். அந்த எழுத்துருவத்தைக் கருவி கார்ட்ரிட்ஜிலிருந்துதான் படிக்கிறது; தன்னிடமுள்ள பிரதியோடு ஒப்பிட்டு, பொருந்தாவிட்டால் அங்கேயே நின்றுவிடுகிறது. எனவே முனைகளில் அழுக்கிருந்தால் எழுத்துகள் சிதைந்து வரும், விளையாட்டும் தொடங்காது. கார்ட்ரிட்ஜே இல்லாமல் இயக்கினால், எழுத்துக்குப் பதிலாக ஒரு கறுப்புப் பட்டை இறங்கும். உங்களுக்கு விளையாட்டு ஒழுங்காக ஓடி, கோடுகள் மட்டும் எப்போதும் ஒரே இடத்தில் விடுபடுகின்றன என்றால், கார்ட்ரிட்ஜின் மேல் குற்றமில்லை. கார்ட்ரிட்ஜைக் கழற்றிவிட்டு, இடப்பக்கச் சக்கரத்தைத் திருப்பித் திரையை முழுக்கக் கறுக்கச் செய்யுங்கள்; கறுக்காமல் நிற்கும் கோடுகளை எண்ணிக்கொள்ளலாம்.

அந்தத் திரையில் குறுக்கே 160 புள்ளிகள், நெடுக்கே 144 புள்ளிகள். 160 செங்குத்து வரிசைகளுக்கும் உரிய மின்தடங்கள், கண்ணாடியின் கீழ் விளிம்பில் வெப்பத்தால் ஒட்டப்பட்ட மெல்லிய பட்டை வழியாகச் செல்கின்றன. காலப்போக்கில் அந்த ஒட்டு ஆங்காங்கே விட்டுப்போகிறது. வெளி உறையின் ஆறு திருகுகளைக் கழற்றி (சில உறைகளில் மூன்று கீற்றுள்ள திருகு இருக்கும், அதற்குத் தனித் திருப்புளி வேண்டும்), முன்பக்கப் பலகையை எடுத்து, பட்டையின் மேலிருக்கும் ரப்பர் துண்டை மெல்ல உரித்தால் அந்த இடம் தெரியும். இரு பாதிகளையும் இணைக்கும் கேபிளை மட்டும் இழுத்துவிடாதீர்கள்.

சால்டரிங் அயர்னைக் குறைந்த சூட்டில் வைத்து, முனையைப் பட்டையின் மேல் அழுத்தாமல், ஓரிடத்தில் நிற்காமல் இடமிருந்து வலமாக இழுத்தேன். கருவியை இயக்கத்தில் வைத்துக்கொண்டே செய்ததால் பலனை உடனே காண முடிந்தது: முனை கடந்த இடத்துக்கு நேர் மேலே ஒரு கோடு சாம்பலாகித் துடித்தது, பிறகு கறுத்து நிலைத்தது; அடுத்ததும் அப்படியே. நான்கு முறை இழுத்ததில் ஏழில் ஆறு திரும்பின. சூடு மிகுந்தால் பட்டை கருகிவிடும், அதன்பின் வேறு திரைதான் தேட வேண்டும்; ஆகவே பொறுமையில்லாத நாளில் தொடாதீர்கள்.

விடுபட்டவை கிடைக்கோடுகளாக இருந்தால் பழுது பக்கவாட்டு இணைப்பில் இருக்கும். அதில் நான் கைவைத்ததில்லை. திரையின் நடுவே வெயில் பட்டுக் கருகியதுபோன்ற திட்டு இருந்தால், அது திரையின் மேல் ஒட்டியிருக்கும், ஒளியை வடிகட்டும் போலரைசர் படலத்தின் சேதம், சூடு காட்டிப் பயனில்லை.

என் கருவியில் ஏழாவது கோடு இன்னும் வரவில்லை. உறையின் கீழ் விளிம்பை விரலால் அழுத்தினால் வருகிறது, விட்டால் போகிறது.