சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்

கேள்வி: பூட்டிய எண்ணைத் திறக்காமலே கணக்குப் போடும் ஹோமோமார்ஃபிக் என்கிரிப்ஷனில் கடைசி வருட பிராஜெக்ட் செய்கிறேன். அம்மாவின் 90 நாள் சர்க்கரை அளவு, தினம் இரண்டு வேளை, மொத்தம் 180 எண்கள். போனிலேயே பூட்டி சர்வருக்கு அனுப்புகிறேன். சர்வர் பூட்டைத் திறக்காமலே ஒவ்வோர் எண்ணையும் தன்னிடமுள்ள ஓர் எடையால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, பூட்டிய விடையைத் திருப்பி அனுப்பும். கணக்கு சரியாக வருகிறது. ஆனால் ஒரு தடவை அனுப்பவே 90 எம்பி. தினசரி ஒன்றரை ஜிபி பேக், பதினாறு தடவை சோதித்தால் தீர்ந்துவிடுகிறது. ஜிப் செய்தும் மூன்றில் ஒரு பங்குகூடக் குறையவில்லை. — கல்லூரி மாணவி, குரோம்பேட்டை

பதில்: 90 எம்பியை 180-ஆல் வகுத்தால் எண்ணுக்கு 512 கேபி. அதை வைத்தே ஜோசியம் சொல்கிறேன்: ஹோமோமார்ஃபிக் பூட்டுகளில் ஒன்றான பிஎஃப்வி முறை, 8192 அளவு, 128 பிட் பாதுகாப்பு. சரிதானே? ஒரு சைபர்டெக்ஸ்ட், அதாவது பூட்டிய வடிவம், என்பது இரண்டு பல்லுறுப்புக்கோவை. ஒவ்வொன்றிலும் 8192 கெழு. ஒவ்வொரு கெழுவும் நான்கு பகா எண்களால் வகுத்து வரும் நான்கு மீதிகளாக இருக்கும், மீதிக்கு 8 பைட். பெருக்கினால் 5,24,288 பைட்.

ஜிப்பை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு மீதியும் 43, 44 பிட்தான். அதை 64 பிட் பெட்டியில் வைத்திருப்பதால் சும்மா கிடந்த பூஜ்யங்களைத்தான் ஜிப் பிழிந்தது. மற்றதெல்லாம் வெறும் இரைச்சல். அதிலும் ஜிப்புக்குப் பிடி கிடைத்தால் பூட்டில் ஓட்டை என்று அர்த்தம்.

உண்மையான கோளாறு வேறு. அந்த சைபர்டெக்ஸ்ட்டில் 8192 இருக்கை இருக்கிறது. நீங்கள் குரோம்பேட்டையில் ஒரே ஒரு ஆளை ஏற்றிக்கொண்டு கடற்கரை வரைக்கும் மின்சார ரயில் விடுகிறீர்கள், அதுவும் 180 ரயில்! பேட்சிங் போட்டு எல்லா எண்ணையும் ஒரே ரயிலில் ஏற்றுங்கள். 90 எம்பி 512 கேபி ஆகிவிடும். பேட்சிங்குக்கு ப்ளெயின் மாடுலஸ் (எந்த எண்ணை எட்டினால் கணக்கு மறுபடி பூஜ்யத்துக்குச் சுற்றுமோ, அந்த எண்), 16384-ஆல் வகுத்தால் மீதி 1 வரும் பகா எண்ணாக இருக்க வேண்டும். கை பழக்கத்தில் எல்லாரும் 65537 எடுப்பார்கள். உங்களுக்குப் போதாது: 180 எண்களும் 200 என்று வைத்து, எடை வெறும் 2 என்றாலே கூட்டுத்தொகை 72,000. தாண்டிய கணக்கு சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டு தப்பு விடையாக வந்து நிற்கும். 786433 எடுங்கள்.

ஒரே ரயிலில் ஏற்றினால் ஒரு புதுச் செலவு வரும், அதையும் சொல்லிவிடுகிறேன். பெருக்கிய பிறகு கூட்ட வேண்டுமென்றால் இருக்கைகளைச் சுழற்றிச் சுழற்றிக் கூட்ட வேண்டும். அதற்குத் தனிச் சாவிகள், உங்கள் அமைப்பில் ஒரு சாவி 2.5 எம்பி. எல்லாச் சாவியையும் உண்டாக்கு என்று மென்பொருள் நூலகத்திடம் சொன்னால் 60 எம்பி பக்கம் கொட்டிவிடும். உங்களுக்கு 1, 2, 4 என்று 128 வரை எட்டே சுழற்சி போதும். காலி இருக்கைகளில் பூஜ்யம் இருந்தால் 256 இருக்கைகளின் கூட்டுத்தொகை முதல் இருக்கைக்கு வந்துவிடும். எட்டு சாவி, 20 எம்பி. ஒரே தடவை அனுப்பினால் சர்வர் வைத்துக்கொள்ளும். நான் தரமணியில் வேலை பார்த்தபோது, நெட் இழுத்த ஒரு நாளில் இந்தச் சாவிகளை பென் டிரைவில் போட்டு ஸ்கூட்டரில் அண்ணா நகர் கொண்டுபோயிருக்கிறேன். வழியில் தொலைந்தாலும் பயமில்லை, இவை ரகசியச் சாவிகள் அல்ல.

அப்புறம் விதை. புதிதாகப் பூட்டிய சைபர்டெக்ஸ்ட்டின் இரண்டு பாதியில் ஒன்று சுத்தமான ரேண்டம். அதை எதற்குச் சுமக்க வேண்டும்? அதை உண்டாக்கிய 64 பைட் விதையை அனுப்பினால் சர்வரே முளைக்க வைத்துக்கொள்ளும். 512 கேபி பாதியாகும், 20 எம்பி சாவியும் பாதியாகும். ஒரே நிபந்தனை, பொதுச் சாவியால் பூட்டாமல் ரகசியச் சாவியாலேயே பூட்ட வேண்டும். பூட்டுவதும் திறப்பதும் ஒரே போன்தான், கவலையில்லை.

திரும்பி வரும் விடையில் விதை எடுபடாது. அங்கே சைபர்டெக்ஸ்ட்டின் மாடுலஸை, அதாவது அந்த நான்கு பகா எண்களின் பெருக்கலை, குறையுங்கள். கணக்கு முடிந்த பிறகு நான்கு பகா எண்ணும் எதற்கு? அனுப்புவதற்கு முன் சர்வர் மூன்றைக் கழற்றிவிட்டால் 128 கேபிதான். ஆக, போக 256, வர 128. இனி பேக் தீர்ந்தால் ரீல்ஸ் மேல் பழி போடுங்கள்.

கேள்வி: எங்கள் கருவி ஒரு சின்ன சென்சார். அதற்கு 256 கேபியே அதிகம். வழி உண்டா? — மின்னணுப் பணியாளர், அம்பத்தூர்

பதில்: உண்டு. 2011-ல் மைக்கேல் நேரிக், கிறிஸ்டின் லாட்டர், வினோத் வைகுந்தநாதன் மூவரும் எழுதிய கட்டுரையிலேயே இருக்கிறது. வைகுந்தநாதன் நம் கிண்டி ஐஐடியில் பி.டெக் படித்தவர். கருவி எங்கும் புழங்கும் சாதாரண பூட்டான ஏஇஎஸ்ஸில் பூட்டி அனுப்பட்டும், 16 பைட் போட்டால் 16 பைட்தான். அந்த ஏஇஎஸ் சாவியை மட்டும் ஒரு தடவை ஹோமோமார்ஃபிக்காகப் பூட்டி சர்வரிடம் கொடுத்துவிடுங்கள். ஏஇஎஸ்ஸைத் திறக்கும் கணக்கையே சர்வர் ஹோமோமார்ஃபிக் பூட்டுக்குள் வைத்துச் செய்துகொள்ளும்.

சுமைகூலி ஒழியவில்லை, சர்வர் தலையில் விழுகிறது, அவ்வளவுதான். ஏஇஎஸ் இந்த வேலைக்கு ரொம்ப கனம். அதனால் இதற்கென்றே லோஎம்சி, ராஸ்டா, பாஸ்டா என்று இலேசான முறைகள் வந்தன. பாஸ்டாவுக்குப் பெயர் வைத்தவருக்கு அன்றைக்கு நல்ல பசி போலிருக்கிறது. சர்வர் வாடகை உங்கள் முதலாளி கொடுப்பதென்றால் தாராளமாகச் செய்யலாம்.

கேள்வி: எங்கள் அடுக்ககத்தில் 48 வீடு. எந்த வீடு எவ்வளவு தண்ணீர் செலவழிக்கிறது என்று தெரியாமல், மொத்தம் மட்டும் தெரிய வேண்டும். ஹோமோமார்ஃபிக் முறை இதற்கு ஆகுமா? — சங்கச் செயலாளர், வேளச்சேரி

பதில்: கூட்டல் மட்டும்தானே? அப்படியானால் அந்தப் பெரிய பூட்டு வேண்டாம். 1999-ல் பாஸ்கல் பய்யே தந்த முறை போதும். 2048 பிட் சாவியில் ஒரு சைபர்டெக்ஸ்ட் 512 பைட். 48 வீட்டுக்கும் சேர்த்து 24 கேபி, ஒரு குட்மார்னிங் படத்தைவிடக் குறைவு. ஒன்று மட்டும் கவனியுங்கள். சாவியை நீங்கள் வைத்துக்கொண்டால், கூட்டுவது வேறொருவராக இருக்கட்டும். இரண்டும் உங்களிடமே இருந்தால் இரண்டாம் மாடிக்காரர் சும்மா விடமாட்டார்.