பத்திரிகையில் வாரம் ஒன்றாக எழுதிய 40 நகைச்சுவைப் பத்திகளை அப்படியே ஒரு புத்தகமாகத் தொகுக்கலாமா?

போடலாம். ஆனால் 28 போதும்.

டெமி என்ற புத்தக அளவில் பக்கத்துக்கு ஏறத்தாழ 220 சொல் பிடிக்கும். 400 சொல் பத்தி, தலைப்போடு சேர்த்து இரண்டு பக்கம். 28 பத்திக்கு 56, முன்பக்கங்கள் 8, ஆக 64. ஒரே தாளில் அச்சாகி மடிக்கப்படும் 16 பக்கம் ஒரு போர்மா என்றால் சரியாக 4 போர்மா. ஒவ்வொன்றையும் வலப்பக்கத்தில் தொடங்குங்கள். இடப்பக்கத்தில் தொடங்கினால் இரு பக்கமும் ஒன்றாகக் கண்ணில் பட்டு, கடைசி வரி முன்கூட்டியே தெரிந்துவிடும்.

மட்டக்களப்பில் கல்முனை பஸ் ஏறினால் கிட்டத்தில் உள்ள ஆரையம்பதி வரமுன் நாலைந்து பத்தி வாசித்துவிடலாம். குறும்பத்தியின் பலமும் அதுதான், வில்லங்கமும் அதுதான். வாரம் ஒன்றாக வாசித்தபோது தெரியாத பழக்கமெல்லாம் அடுத்தடுத்து வாசிக்கையில் பல்லிளிக்கும். ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் அது எதனால் சிரிக்க வைக்கிறது என்று ஒரு சொல் எழுதுங்கள்: மறதி, கஞ்சத்தனம், மனைவியிடம் தோற்பது. ஒரே சொல் ஏழு தடவை வந்தால் நல்லது மூன்றை வைத்து மற்றதைத் தூக்குங்கள். அந்த மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் வரக் கூடாது.

எங்கள் மட்டக்களப்புப் பேச்சுமொழியை அடிக்குறிப்பில் விளக்கினால் சிரிப்புச் செத்துவிடும். உதாரணத்துக்கு, கல்லடியில் வழி கேட்ட கொழும்புக்காரரிடம் "சந்தியில கிறுகுங்க மனே" என்கிறார் ஒரு பெரியவர். வந்தவர் சந்தியில் நின்று தன்னைத்தானே ஒரு சுற்றுச் சுற்றி, "கிறுகிட்டன், இனி?" என்கிறார். அங்கே நிறுத்த வேண்டும். 'கிறுகுதல் என்றால் திரும்புதல், பாவம் அவருக்கு அது தெரியாது' என்று ஒரு வரி சேர்த்தால் போச்சு. அநேகமான கைப்பிரதிகளில் வெட்ட வேண்டியது அந்தக் கடைசி வரிதான்.

காலம் போனவையும் இருக்கும். 2022 பெற்றோல் வரிசையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீட்டர் என்ற கதையை இனி வரும் பிள்ளைகளுக்குப் பிடிபடச் செய்ய, தலைப்பின் கீழ் ஆண்டைப் போட்டால் போதும்.

முன்பக்கம் 8 என்றது தலைப்புக்கு 1, பதிப்பு விபரத்துக்கு 1, பொருளடக்கம் 2, என்னுரை 2, அணிந்துரை 2. ஆசியுரை, வாழ்த்துரை என்று நாலு பேரிடம் கேட்டுவிட்டீர்களென்றால் ஐந்தாவது போர்மாவுக்கும் காசு தேட வேண்டும்.