ஒசாகாவில் மூன்று நாள்: ரயில் பாஸ் வேண்டுமா?

வணக்கம். மூன்று நாளும் ஒசாகாவில்தான் தங்கல், நடுவில் ஒருநாள் பக்கத்து ஊரான நாரா என்கிறீர்கள். அதற்கு 7 நாள் ஜே.ஆர். பாஸ், அதாவது ஜப்பான் முழுக்க ஜே.ஆர். குழும ரயில்களில் போக வெளிநாட்டுப் பயணிகளுக்குத் தரும் பாஸ், வேண்டவே வேண்டாம். 2023 அக்டோபரில் அதை 50,000 யென்னாக ஏற்றினார்கள். அவ்வளவு பணத்துக்கு நீங்கள் ரயிலேறப் போவதில்லை. ஆளுக்கொரு இக்கோகா கார்டு (பணம் ஏற்றி ரயிலிலும் மெட்ரோவிலும் தட்டிப் போகும் அட்டை) போதும். நாராவுக்கு ஒசாகாவின் நம்பா பகுதியிலிருந்து கின்டெட்சு என்ற தனியார் நிறுவன ரயில், சுமார் 40 நிமிடம். அதில் ஜே.ஆர். பாஸ் செல்லவும் செல்லாது. மான் பூங்காவுக்குப் பக்கமும் அந்த ஸ்டேஷன்தான்.

வீட்டுக்காரருக்கு முட்டிவலி என்றால் ஒசாகா கோட்டையைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். இப்போதுள்ள கோபுரம் 1931இல் கான்கிரீட்டில் கட்டியது, உள்ளே லிஃப்ட் உண்டு. ஆனால் மெட்ரோவிலிருந்து நல்ல நடை.

உண்மையான சிக்கல் உங்கள் சைவச் சாப்பாடுதான். டோட்டன்போரி கடைத்தெருவில் விற்கும் தக்கோயாகி என்ற மாவு உருண்டைக்குள் ஆக்டோபஸ் இருப்பது தெரிந்ததுதான், ஒதுங்கிவிடலாம். தெரியாமல் வருவது தாஷி: பெரும்பாலும் உலர்ந்த மீன் சீவலில் இறக்கிய சாறு. காய் மட்டும் மிதக்கும் உடோன் நூடுல்ஸிலும் மிசோ (சோயா விழுது) சூப்பிலும் பெரும்பாலும் அது இருக்கும். "இறைச்சி வேண்டாம்" என்றால் போதாது. "மீனும் தாஷியும் கூடாது" என்று ஜப்பானிய மொழியில் போனில் எழுதி வைத்துக் காட்டுங்கள். தினம் ஒரு வேளையாவது இந்திய உணவகத்தில் சாப்பிட்டுவிடுவது நிம்மதி.

அப்புறம், நாராவில் மான் பிஸ்கட் வாங்கினால் கையில் வைத்துக்கொண்டு போக்குக் காட்டாதீர்கள், மான்கள் சட்டையைக் கடித்து இழுக்கும். தீர்ந்ததும் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினால் பெரும்பாலும் விலகிவிடும்.