மனந்திரும்பினால்தான் நேசிப்பாரா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

சிங்கப்பூர் செங்காங்கிலிருந்து எழுதுகிறேன். போன ஞாயிறு ஆராதனையில் எங்கள் போதகர், “தேவனுடைய அன்புக்கு நிபந்தனையே கிடையாது” என்று பிரசங்கித்தார். வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டத்தில் மூத்த சகோதரர் ஒருவர் அதை மறுத்தார். “மனந்திரும்பாதவன் தேவகோபத்தின்கீழ் இருக்கிறான், அவனையும் நேசிக்கிறார் என்பது ஏமாற்றுப் பேச்சு” என்றார். அம்மா இறந்ததிலிருந்து ஆறு வருடமாக என் தம்பி சபைக்கு வருவதில்லை. அன்று இரவு முழுக்க அவன் நினைப்புதான். இருவரில் யார் சொல்வது சரி?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

“நிபந்தனையற்ற அன்பு” என்ற தொடர் வேதாகமத்தில் இல்லை. அந்த மூத்த சகோதரர் கையிலும் வசனங்கள் இருக்கின்றன. ஐந்தாம் சங்கீதம் அக்கிரமக்காரரைத் தேவன் வெறுக்கிறார் என்றே சொல்கிறது. யோவான் 15:10-ல் இயேசு, “நீங்களும் என் கற்பனைகளைக் கைக்கொண்டிருந்தால், என்னுடைய அன்பிலே நிலைத்திருப்பீர்கள்” என்கிறார். அந்த “இருந்தால்” என்பதை விழுங்கிவிட்டுப் பேசக்கூடாது. ஆனால் அதற்கு முந்தின வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள். பிதா என்னில் அன்பாயிருப்பதுபோல நானும் உங்களில் அன்பாயிருக்கிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் “நிலைத்திருங்கள்” என்கிறார். ஏற்கெனவே வீட்டுக்குள் இருக்கிறவனைத்தானே “இங்கேயே இரு” என்று சொல்ல முடியும்? பவுலும் ரோமர் 5:8-ல், “நாம் பாவிகளாயிருக்கையில்” கிறிஸ்து நமக்காக மரித்தார் என்கிறார். திருந்தியபிறகு என்று அவர் எழுதவில்லை.

இது சபைக்குள் பழைய விவாதம். 1618-19-ல் நெதர்லாந்தின் டார்ட் நகரில் கூடிய சீர்திருத்தச் சபையினர், அதாவது கால்வின் வழி வந்தவர்கள், தேவன் மனிதரை இரட்சிப்புக்கென்று தெரிந்தெடுப்பதற்கு நிபந்தனை இல்லை, ஆனால் எல்லோரையும் அவர் தெரிந்தெடுக்கவும் இல்லை என்றார்கள். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி, கிருபை எல்லோரையும் தேடி முந்தி வருகிறது, மனிதன் அதை மறுக்கவும் முடியும் என்றார். ஷார்ட் ஸ்ட்ரீட் தமிழ் மெதடிஸ்ட் சபையில் வளர்ந்தவர்களுக்கு இது பழகிய போதனை. நம் வைணவர்களும் இதே கேள்வியோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியை வடகலையார் காட்டினார்கள். தாய் கவ்வித் தூக்கிப்போகும் பூனைக்குட்டியைத் தென்கலையார் காட்டினார்கள். நான் வெஸ்லி பக்கம். அதற்குக் காரணம் லூக்கா 15.

அங்கே இயேசு சொல்லும் கதையில், சொத்தில் தன் பங்கை வாங்கிக்கொண்டு போய் அழித்துவிட்ட கெட்ட குமாரன், வீடு திரும்புமுன் பன்றித் தொழுவத்திலேயே ஒரு பேச்சைத் தயார் செய்கிறான். அதன் கடைசி வரி, “உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும்” என்பது. நிபந்தனை அங்கேதான் இருக்கிறது, அதைக் கொண்டுவருகிறவன் மகன். தகப்பன் அவனைத் தூரத்தில் கண்டதுமே ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறார். அப்புறம் மகன் பேச ஆரம்பிக்கிறான், பாவம் செய்தேன் என்கிறான், குமாரன் எனப்படத் தகுதியில்லை என்கிறான். கூலிக்காரன் வரி மட்டும் அவன் வாயிலிருந்து வரவே இல்லை. அதற்குள் தகப்பன் வேலைக்காரரைக் கூப்பிட்டு உயர்ந்த வஸ்திரம் கொண்டுவரவும் விருந்து வைக்கவும் சொல்லிவிட்டார். எத்தனையோ வருடம் இந்த இடத்தைக் கவனிக்காமல் வாசித்துவிட்டேன். கவனித்த நாளில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

சரி, மகன் எழுந்து வராமல் இருந்திருந்தால்? அன்பு இருந்திருக்கும், விருந்து நடந்திருக்காது.

அங் மோ கியோவில் நான் முன்பு இருந்த புளோக்கில் ஒரு பெரியவர் இருந்தார். மகன் சண்டை போட்டுக்கொண்டு வீட்டைவிட்டுப் போய்விட்டான். பிறகு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) மேம்பாட்டுப் பணி வந்தது. புது வாசல் கதவு, புது இரும்பு கேட் என்று எல்லோரும் எழுதிக்கொடுத்தோம். அவர் கழிவறையை மட்டும் மாற்றிக்கொண்டார், கேட் வேண்டாம் என்றுவிட்டார். வரிசை முழுக்கப் பளபளவென்று புது கேட், அவர் வீட்டில் மட்டும் பச்சைப் பெயின்ட் உரிந்து துருவேறிய பழையது. ஏன் என்று கேட்டேன். “அவன்கிட்ட இருக்கிற சாவி இதுக்குத்தான் சேரும்” என்றார். வாரம் ஒருமுறை அந்தப் பூட்டுக்கு எண்ணெய் விடுவார். நான் வீடு மாறும்வரை மகன் வரவில்லை. வராததற்காக அவர் பூட்டை மாற்றவும் இல்லை.

அந்தப் பெரியவருக்குக் கோபமும் இருந்தது, மகன் பேச்சை எடுத்தாலே முகம் சிவக்கும். அதனால் தேவகோபம் என்ற சொல்லைக் கேட்டு நீங்கள் நடுங்க வேண்டாம். ஓசியா புத்தகம் முழுக்கக் கோபம்தான். அதன் நடுவில்தான் “எப்பிராயீமே, நான் உன்னை எப்படிக் கைவிடுவேன்?” என்று தேவன் தம் ஜனத்தைப் பார்த்துக் கேட்கிற வரியும் இருக்கிறது.

ஆகவே போதகர் சொன்னதுதான் சரி என்று நினைக்கிறேன். மனந்திரும்புதல் அவசியம் என்பதில் மூத்த சகோதரரும் சரி. ஆனால் அது அன்பைச் சம்பாதிக்கக் கொடுக்கும் விலை என்பதுபோல அவர் பேசியதை என்னால் ஏற்க முடியவில்லை.

உங்கள் தம்பியைப் பற்றி ஒன்று. அம்மா போனதோடு நின்றுவிட்டான் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது கலகமாகப் படவில்லை, துக்கமாகப் படுகிறது. அம்மாவைப் பற்றி அவனோடு உட்கார்ந்து பேசி எவ்வளவு நாள் ஆயிற்று? இந்த வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்துக்குப் போகாவிட்டால் பரவாயில்லை, அவனைச் சாப்பிடக் கூப்பிடுங்கள்.