நாய் குடிக்கும் தண்ணீர்: வாசகர் கேள்விகளும் கால்நடை மருத்துவர் பதில்களும்

எங்கள் தெருவில் மழைத்தண்ணீர் வடிய மூன்று நாளானது. எங்கள் லேப்ரடார் அதில் இறங்கி நடந்தது, குடிக்கவும் செய்தது. ஒரு வாரம் கழித்து இப்போது சாப்பாட்டைத் தொடவில்லை. வாந்தி எடுக்கிறது, பின்னங்காலை விறைப்பாக வைத்து நடக்கிறது. கண் மஞ்சளாகத் தெரிவதால் கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கிறோம். இரண்டு நாள் பார்க்கலாமா, டாக்டர்?
– வாசகி, ரெயின்போ நகர், புதுச்சேரி

பார்க்க வேண்டாம் அம்மா, இன்றே தூக்கிக்கொண்டு போங்கள். நீங்கள் சொல்வதெல்லாம் எலிக்காய்ச்சலுக்குப் பொருந்துகிறது. உங்களுக்குப் பக்கத்திலேயே குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அங்கே போகலாம், அல்லது எந்தக் கால்நடை மருத்துவமனை கிட்டத்தில் இருக்கிறதோ அங்கே போகலாம்.

எலிக்காய்ச்சலைத் தரும் லெப்டோஸ்பைரா என்ற கிருமி எலியின் சிறுநீரில் வெளிவருகிறது. சாக்கடை பொங்கி எலி வளைகளில் தண்ணீர் புகுந்தால் அந்தச் சிறுநீர் தெரு முழுக்கப் பரவும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்த பிறகு புதுச்சேரியும் கடலூரும் எப்படி மிதந்தன என்று உங்களுக்குத் தெரியும். தண்ணீர் வடிந்தாலும் ஈர மண்ணிலும் குட்டையிலும் கிருமி வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். குடித்தால்தான் தொற்றும் என்றில்லை. பாதத்துச் சிராய்ப்பு, கண், மூக்கு வழியாகவும் உள்ளே போய்விடும். அறிகுறி பெரும்பாலும் 4 முதல் 12 நாளுக்குள் தெரியும். அதனால்தான் வெயில் அடித்து எல்லாரும் மழையை மறந்த பிறகு நாய் படுக்கிறது.

கிருமி ஈரலையும் சிறுநீரகத்தையும் சேர்த்தே தாக்குகிறது. மஞ்சளை மட்டும் பார்த்து ஈரல் கோளாறு என்று கீழாநெல்லி கொடுத்துக்கொண்டிருந்தால், அந்த இரண்டு நாளில் சிறுநீரகம் போய்விடும். சிறுநீரைக் கவனியுங்கள். முதலில் அதிகம் போகும். பிறகு வரக்காப்பி நிறத்துக்கு மாறலாம். அளவு குறைந்துகொண்டே வந்தால் நிலைமை மோசம். ஈறு கறுப்பாக இருக்கும் நாட்டு நாய்களில் மஞ்சளைக் கண் வெள்ளையிலும் காது மடலின் உட்புறத்திலும் பார்க்க வேண்டும். காய்ச்சலுக்கென்று வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலோ ஐபுபுரூஃபனோ கொடுத்துவிடாதீர்கள். ஏற்கெனவே அடிபட்ட ஈரலையும் சிறுநீரகத்தையும் அவை இன்னும் கெடுக்கும்.

மருத்துவமனையில் சிறுநீரகத்துக்குக் கிரியாட்டினின், ஈரலுக்குப் பிலிருபின், ரத்தத் தட்டணுவான பிளேட்லெட் மூன்றும் பார்க்கச் சொல்லுங்கள். கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் பரிசோதனைக்கு ரத்தமும் சிறுநீரும் ஆன்டிபயாடிக் போடும் முன்பே எடுக்க வேண்டும். போட்ட பிறகு எடுத்தால் கிருமி இருந்தும் இல்லை என்று வரலாம். ஆனால் முடிவு வரும்வரை மருந்துக்குக் காத்திருக்கக் கூடாது. வாந்தி நிற்கும்வரை பென்சிலின் வகை ஊசியும் டிரிப்பும் போடுவார்கள். பிறகு டாக்சிசைக்கிளின், எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒருமுறை, 14 நாள். நாலாம் நாளே நாய் எழுந்து வாலாட்டும். அதோடு மாத்திரையை நிறுத்தினால் கிருமி சிறுநீரகத்தில் தங்கிவிடும். பார்க்க நலமாக இருக்கும் நாய் சிறுநீரில் கிருமியை வெளியேற்றிக்கொண்டே இருக்கும்.

இது மனிதருக்கும் தொற்றும். கையுறை இல்லாமல் சிறுநீரைத் துடைக்காதீர்கள். ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் விட்டுக் கழுவுங்கள். வீட்டில் யாருக்காவது காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் டாக்டரிடம் போகும்போது, "எங்கள் நாய்க்கு எலிக்காய்ச்சல்" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

வருடா வருடம் தடுப்பூசி போடுகிறோம். அதில் எலிக்காய்ச்சலும் அடங்குமா?
– வாசகர், கூத்தப்பாக்கம், கடலூர்

எல்லாத் தடுப்பூசியிலும் அடங்காது. நாயின் தடுப்பூசிப் புத்தகத்தை எடுத்து, ஒட்டியிருக்கும் லேபிளில் 'எல்' எழுத்தோ லெப்டோ என்ற பெயரோ இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பார்வோ, டிஸ்டெம்பர் போன்ற வைரஸ் நோய்களுக்கு மட்டும்தான் போட்டிருக்கிறார்கள். வளர்ந்த நாயானாலும் முதல்முறை என்றால் 3, 4 வார இடைவெளியில் இரண்டு ஊசி வேண்டும்; ஒன்றோடு நின்றால் பலன் இல்லை. பிறகு ஆண்டுக்கு ஒன்று. நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கு முன்னால், செப்டம்பருக்குள் இரண்டையும் முடித்துவிடுவது நல்லது. லெப்டோஸ்பைராவில் பல வகை உண்டு, ஊசி எல்லாவற்றையும் தடுக்காது. ஊசி போட்ட நாயையும் தேங்கிய தண்ணீரில் இறங்க விடாதீர்கள்.

எங்கள் கிணற்றில் வெள்ளம் புகுந்துவிட்டது. நாய்க்கும் மாட்டுக்கும் அதுதான். பிளீச்சிங் பவுடர் எவ்வளவு போடுவது?
– வாசகர், பாகூர்

முடிந்தவரை இறைத்து, புதுத் தண்ணீர் ஊற விடுங்கள். குறுக்களவை மீட்டரில் எடுத்து அதையே அதனால் பெருக்கி, தண்ணீர் ஆழத்தால் பெருக்கி, 785-ஆல் பெருக்கினால் லிட்டர் கணக்கு வரும். 2 மீட்டர் அகலக் கிணற்றில் 3 மீட்டர் தண்ணீர் என்றால் 9,420 லிட்டர். வீரியம் குறையாத பவுடர் 1000 லிட்டருக்கு 2.5 கிராம் என்பது வழக்கமான அளவு. வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு இரட்டிப்பாக, ஏறத்தாழ 50 கிராம் போடுங்கள். பவுடரை அப்படியே கொட்டாதீர்கள். பக்கெட் தண்ணீரில் குழைத்து, பத்து நிமிடம் சுண்ணாம்பு அடியில் தங்க விட்டு, மேலே தெளிந்ததை மட்டும் வேறு வாளிக்கு மாற்றி, கயிற்றில் இறக்கி மேலும் கீழும் அலசுங்கள். ஒரு மணி நேரம் கழித்து லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும். டேங்க் ஆபரேட்டரிடம் இருக்கும் குளோரோஸ்கோப்பில் பார்க்கலாம். மிஞ்சவில்லை என்றால் மறுபடி போடுங்கள். மூட்டை பிரித்துப் பல மாதம் ஆன பவுடரில் குளோரின் பெரும்பாலும் பறந்திருக்கும்.

குட்டிகளுக்கு மட்டும் கொதிக்க வைத்து ஆற்றிக் கொடுங்கள். ஜியார்டியா என்ற ஒட்டுண்ணியின் முட்டை போன்ற கூடு இந்த அளவு குளோரினில் சாகாது. குட்டியின் மலம் சளியோடு, எண்ணெய்ப் பசையாக, கெட்ட நாற்றத்தில் போனால் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும். கொல்லையில் வைக்கும் கிண்ணத்தையும் பாருங்கள். இரவில் எலி வந்து குடிப்பதும் சிறுநீர் விடுவதும் அங்கேதான். கிணற்றுக்கு இத்தனை செய்துவிட்டு, நேற்று வைத்த கிண்ணத்தில் மிச்சத்தை விட்டுவைத்தால் என்ன பயன்? இரவில் கிண்ணத்தை உள்ளே எடுங்கள். உள்சுவரில் விரலை ஓட்டினால் வழுவழுப்பு தட்டும். அதை நார் போட்டுத் தேய்த்தால்தான் போகும். கீறல் விழுந்த பிளாஸ்டிக்கைவிட எவர்சில்வர் நல்லது.

சில்வர் பீச்சுக்குக் கூட்டிப்போனால் எங்கள் நாய் கடல் தண்ணீரைக் குடிக்கிறது. ஆபத்தா?
– வாசகி, தேவனாம்பட்டினம்

ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. 10 கிலோ நாய்க்கு 20, 30 கிராம் உப்பு நஞ்சாகும். அதாவது அரை லிட்டரைத் தாண்டினாலே பயப்பட வேண்டும். நாலு வாய் குடித்தால் தண்ணியாக வயிற்றுப்போக்கு, அவ்வளவுதான். நிறையக் குடித்து வாந்தி, தள்ளாட்டம், நடுக்கம் வந்தால் உடனே மருத்துவமனை. ஒரேயடியாக நல்ல தண்ணீரைக் குடிக்க விடாதீர்கள், உப்பு சட்டென்று இறங்கினால் மூளை வீங்கும். போகும்போதே பாட்டிலில் தண்ணீர் எடுத்துப்போய்ப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கொடுத்தால் அது கடலைத் தேடாது. இதே காரணத்தால், நாய் எதையாவது தின்றுவிட்டால் வாந்திக்கென்று உப்புக்கரைசல் ஊற்றும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

போர் தண்ணீரில் மருந்து வாடை அடிக்கிறது. காய்ச்சிக் கொடுத்தால் போதுமா?
– வாசகர், குடிகாடு, கடலூர்

போதாது. கிருமி சாகும், ரசாயனமும் உலோகமும் அப்படியே இருக்கும். தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். நீங்கள் குடிக்கத் தயங்கும் தண்ணீர் நாய்க்கும் வேண்டாம். கிலோவுக்கு ஒரு நாளைக்கு 50, 60 மில்லி என்றால் 20 கிலோ நாய்க்கு ஒரு லிட்டர் சொச்சம்தான். வெயில் காலத்தில் கூடும். உங்கள் குடிநீரிலிருந்தே அதைக் கொடுத்துவிடலாம். போர் தண்ணீரைப் பரிசோதனைக்கும் அனுப்புங்கள்.

ஊசுடு ஏரிப் பக்கம் நடக்கையில் கரையோரம் பச்சைப் பெயின்ட் கொட்டியதுபோல் படலம். நாய் குடித்துவிட்டால்?
– வாசகர், வில்லியனூர்

கோடையில் தேங்கிய எந்த ஏரி, குளத்திலும் அப்படி வரலாம். எல்லாப் பச்சையும் நஞ்சில்லை, ஆனால் பார்த்துச் சொல்ல முடியாது. குச்சியால் அள்ளினால் நூலாக வருவது சாதாரணப் பாசி; பெயின்ட் போலக் கரைந்து வழிந்தால் நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். அதில் ஒரு வகை நஞ்சு ஈரலையும் இன்னொன்று நரம்பையும் தாக்கும். நரம்பு நஞ்சு நிமிடக் கணக்கில் வலிப்பில் கொண்டுபோய் விடும், மாற்று மருந்தும் கிடையாது. இறங்கியிருந்தால் அங்கேயே நல்ல தண்ணீரில் உடம்பைக் கழுவுங்கள். ரோமத்தை நக்கினாலும் நஞ்சு உள்ளே போகும். எச்சில் ஒழுகல், நடுக்கம், தள்ளாட்டம் எது தெரிந்தாலும் வண்டியில் ஏற்றிக்கொண்டே மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள்.