பெர்த்தியே கையெழுத்து, நெப்போலியன் முடிவு

நீங்கள் எழுதும் கதைக்காக, படையெடுப்புத் திட்டம் போட்டது பெர்த்தியேவா என்று கேட்டிருந்தீர்கள். திட்டம் போட்டது பிரெஞ்சுப் பேரரசர் நெப்போலியன்தான், பெர்த்தியே இல்லை. 1796 முதல் 1814 வரை அவருடைய தலைமை அலுவலராக இருந்த பெர்த்தியே, பேரரசர் கடகடவென்று சொன்னதைப் படைப்பிரிவு வாரியாகத் தெளிவான உத்தரவுகளாக்கி, குதிரையில் ஆள் அனுப்பி, போய்ச் சேர்ந்ததா என்றும் பார்த்துக்கொண்டார்.

உத்தரவுகளின் அடியில் அவர் கையெழுத்து இருப்பதுதான் உங்களைக் குழப்பியிருக்கும். வாசகத்தைப் பாருங்கள், பேரரசர் உத்தரவிடுகிறார் என்று வந்தால் முடிவு யாருடையது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

வரைபட வேலை தனி. நெப்போலியனின் வரைபட அதிகாரி பாக்லே தால்ப் படைகள் இருக்கும் இடங்களில் வண்ண ஊசிகள் குத்தி வைப்பார், நெப்போலியன் சில நேரம் வரைபடத்தின் மேலேயே படுத்துக்கொண்டு, கவராயத்தால் ஒரு நாள் நடையை அளப்பார். எனக்கு மிகவும் பிடித்த காட்சி இது!

பெர்த்தியே தானே முடிவெடுக்க வேண்டி வந்தபோது தடுமாறினார். 1809 ஏப்ரலில் பேரரசர் வந்து சேரும்வரை படை அவர் கையில் இருந்தது, மார்ஷல் தாவூவின் படைப்பிரிவு ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க் பக்கம் தனியாக மாட்டிக்கொண்டது.

அதற்காக அவரை வெறும் எழுத்தராக உங்கள் கதையில் காட்டிவிடாதீர்கள். அவர் இல்லாதபோது என்ன ஆனது என்று பாருங்கள்: 1815இல் தலைமை அலுவலர் இடத்தில் மார்ஷல் சூல்ட் இருந்தார். ஜூன் 16 அன்று உத்தரவுக் குழப்பத்தில் தளபதி தெர்லோனின் படை, ஒரே நாளில் போர் நடந்த லிக்னிக்கும் காத்ர் ப்ராவுக்கும் நடுவே, எதிலும் உருப்படியாகச் சண்டையிடாமல் அலைந்தது.