த்ராட்டில் மக்கர் செய்தால்: மின்சைக்கிள், மின்ஸ்கூட்டர் கேள்வி–பதில்

மின்சைக்கிள் ஓடாமல் நின்றால் பழி முதலில் விழுவது த்ராட்டில் (திருகியோ அழுத்தியோ வேகம் கூட்டும் கைப்பிடிப் பகுதி) மேல்தான். புதிதாக ஒன்று வாங்கி மாட்டிய பிறகும் வண்டி அசையாவிட்டால்தான் பலர் மல்டிமீட்டரைத் தேடுகிறார்கள். அளந்து பார்த்துவிட்டு வாங்கினால் பாதிப் பேருக்குக் கடைக்குப் போகும் வேலையே இருக்காது. கீழே உள்ள பதில்கள் மோட்டார் கிட் போட்ட சைக்கிள்களுக்கும், பதிவு தேவைப்படாத 250 வாட், மணிக்கு 25 கிலோமீட்டர் வகை ஸ்கூட்டர்களுக்கும் பொருந்தும். எந்தச் சோதனைக்கும் முன்னால் மோட்டார் சக்கரம் தரையில் படாதபடி வண்டியைத் தூக்கி நிறுத்துங்கள். சோதனை நடுவில் சக்கரம் முழு வேகத்தில் சுழன்றுவிட வாய்ப்பு உண்டு.

48 வோல்ட் கிட் சைக்கிள். டிஸ்ப்ளே எரிகிறது, த்ராட்டிலைத் திருகினால் அசைவே இல்லை. த்ராட்டில் போய்விட்டது என்கிறார் மெக்கானிக். எப்படி உறுதி செய்வது? – திருப்பூர்

த்ராட்டிலைத் தொடும் முன் பிரேக் லீவரைப் பாருங்கள். லீவருக்குள் இருக்கும் சின்ன சுவிட்ச் சிக்கிக்கொண்டால், பிரேக் பிடித்திருப்பதாக எடுத்துக்கொண்டு கன்ட்ரோலர் (மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடும் பெட்டி) மோட்டாரை ஓட்டாது. பெரும்பாலான கிட்களில் இரண்டு பிரேக் கனெக்டர்களையும் கழற்றிவிட்டுத் திருகினாலே இது தெரிந்துவிடும். வண்டி ஓடினால் கோளாறு லீவரில். அடுத்து டிஸ்ப்ளே: அசிஸ்ட் அளவு, அதாவது மோட்டார் உதவும் அளவு, 0-வில் இருந்தால் பல மாடல்களில் த்ராட்டில் வேலை செய்யாது. 1-க்கு மாற்றிப் பாருங்கள்.

இரண்டும் சரி என்றால் மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். த்ராட்டிலிலிருந்து பொதுவாக மூன்று ஒயர் வரும்: சிவப்பு 5 வோல்ட், கறுப்பு கிரவுண்ட், பச்சை அல்லது வெள்ளை சிக்னல். கனெக்டர் மாட்டியபடியே இருக்க வேண்டும். அதன் பின்பக்கத் துளை வழியாக மீட்டர் முனையை நுழைத்து அளக்க வேண்டும். வாட்டர்ப்ரூஃப் கனெக்டரில் பின்னால் எதுவும் நுழையாது. அதில் கன்ட்ரோலர் பெட்டியைத் திறந்து, அதே ஒயர்கள் போர்டில் வந்து சேரும் இடத்தில் அளக்கலாம்.

மீட்டரின் கறுப்பு முனை கிரவுண்டில். சிவப்பு முனையை 5 வோல்ட் ஒயரில் வைத்தால் 4.3 முதல் 5 வரை காட்ட வேண்டும். 4.3 என்றால் பயப்பட வேண்டாம். சில கன்ட்ரோலர்களில் நடுவே ஒரு டயோடு இருக்கும், அது கொஞ்சம் வோல்ட்டேஜை எடுத்துக்கொள்கிறது. பிறகு சிவப்பு முனையைச் சிக்னலுக்கு மாற்றுங்கள். கை வைக்காதபோது 0.8 அல்லது 0.9 இருக்கும். மெதுவாகத் திருகத் திருகச் சீராக ஏறி, முழுவதும் திருகும்போது 3.5-க்கும் 4.2-க்கும் இடையில் போய் நிற்க வேண்டும். இப்படி ஏறினால் த்ராட்டில் நன்றாக இருக்கிறது. அதை மாற்றிப் பயனில்லை. கோளாறு கன்ட்ரோலரிலோ மோட்டாரிலோ.

சிக்னல் 0-விலேயே கிடந்தால் உள்ளிருக்கும் ஹால் சென்சார் (எதிரே உள்ள காந்தம் நகர்வதை வோல்ட்டேஜாக மாற்றும் சில்லு) செத்திருக்கும் அல்லது சிக்னல் ஒயர் அறுந்திருக்கும். கை வைக்காமலேயே 1.2-க்கு மேல் காட்டினால், சாவி போடும்போதே த்ராட்டில் திருகியிருப்பதாக எண்ணிப் பல கன்ட்ரோலர்கள் பூட்டிக்கொள்ளும். எவ்வளவு திருகினாலும் 2.5 பக்கத்திலேயே நின்றால் சென்சார் உயிரோடுதான் இருக்கிறது, எதிரே இருக்க வேண்டிய காந்தம் கழன்று விழுந்திருக்கிறது.

5 வோல்ட்டே வரவில்லையா? த்ராட்டில் கனெக்டரைக் கழற்றி, கன்ட்ரோலர் பக்கம் மட்டும் அளந்து பாருங்கள். வோல்ட்டேஜ் திரும்பி வந்தால் த்ராட்டிலுக்குள் ஷார்ட். வரவில்லை என்றால் பெடல் சென்சாரையும் மோட்டாரின் ஹால் கனெக்டரையும் ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். இவை எல்லாமே அந்த ஒரே 5 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. எதைக் கழற்றும்போது உயிர் வருகிறதோ, ஷார்ட் அதில்தான். அனைத்தையும் கழற்றியும் வரவில்லை என்றால்தான் கன்ட்ரோலரைச் சந்தேகிக்க வேண்டும்.

மழையில் ஓட்டி வந்து நிறுத்தினேன். மறுநாள் சாவி போட்டுக் கிளம்பியதும் வண்டி தானாகவே பாய்ந்தது. என்ன காரணம்? – கூடலூர்

இந்தப் பக்கத்துக்கு வரும் கேள்விகளில் இதுதான் மிக ஆபத்தானது. சரி செய்யும்வரை இந்த வண்டியை எடுக்காதீர்கள்.

இரண்டு காரணங்கள் உண்டு. கனெக்டருக்குள் தண்ணீர் புகுந்து 5 வோல்ட் பின்னுக்கும் சிக்னல் பின்னுக்கும் இடையே மின்சாரம் கசியலாம். அல்லது கறுப்பு கிரவுண்ட் ஒயர் அறுந்திருக்கலாம். கிரவுண்ட் போனால் சென்சாரின் வெளியீடு கீழே இறங்க வழியின்றி 5 வோல்ட் பக்கம் ஏறிவிடும். முழுவதும் திருகியதாகக் கன்ட்ரோலர் புரிந்துகொள்ளும். நல்ல கன்ட்ரோலர் 4.2-க்கு மேல் கணிசமாகப் போன சிக்னலைக் கோளாறு என்று கணக்கிட்டு மோட்டாரை நிறுத்தும். மலிவானவற்றில் அந்தப் பாதுகாப்பை நம்ப முடியாது.

ஓட்டும்போது இப்படி நேர்ந்தால் பிரேக்கைப் பிடியுங்கள். லீவரில் கட்-ஆஃப் சுவிட்ச் இருந்தால் அந்த நொடியே மோட்டாருக்கு மின்சாரம் நின்றுவிடும். பிரேக்கை விடாமல் பிடித்தபடி சாவியை அணையுங்கள். கட்-ஆஃப் இல்லாத லீவர் போட்ட கிட் என்றால், த்ராட்டிலை மாற்றும் அன்றே லீவரையும் மாற்றிவிடுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது: பேட்டரியைக் கழற்றுங்கள், ஸ்கூட்டர் என்றால் சீட்டுக்கு அடியில் உள்ள எம்சிபியை (மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இறக்குங்கள். கனெக்டரைப் பிரித்தால் பின்களில் பச்சை பூத்திருப்பது தெரியும். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாகக் காய வையுங்கள். பின் அரித்துப் போயிருந்தால் கனெக்டரையே மாற்றுவதுதான் சரி. திரும்ப மாட்டும்போது மின்சாரம் கடத்தாத டைஎலக்ட்ரிக் கிரீஸ் கொஞ்சம் வையுங்கள். கேபிள் கனெக்டருக்கு வரும் முன் கொஞ்சம் கீழே தொங்கி மேலேறும்படி கட்டினால், ஒயர் வழியாக ஓடிவரும் தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும்.

கனெக்டர் சுத்தமாக இருந்தும் கோளாறு தொடர்கிறதா? மீட்டரைச் சிக்னலில் வைத்துக்கொண்டு கேபிளை அங்கங்கே வளைத்துப் பாருங்கள். ஹேண்டில் கழுத்துப் பக்கம் ஒவ்வொரு திருப்பத்திலும் கேபிள் மடங்கும் இடம்தான் முதலில் போகும். வெளியுறை முழுசாக இருக்கும், உள்ளே செம்பு அறுந்திருக்கும். வளைக்கும்போது எண் துள்ளினால் இடம் கிடைத்துவிட்டது. அங்கே வெட்டி, சால்டர் செய்து, ஒவ்வொரு ஒயருக்கும் தனித்தனியாக ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கிப் பிடிக்கும் உறை) போட்டு மூடுங்கள். ஒட்டு வளையாத இடத்தில் விழும்படி புது ஒயர் கொஞ்சம் சேர்த்து நீட்டிக்கொள்ளுங்கள்.

புதிய த்ராட்டிலில் ஆறு ஒயர் இருக்கிறது, பழையதில் மூன்றுதான். நிறமும் ஒத்துப்போகவில்லை. நிறம் பார்த்து இணைக்கலாமா? – மதுரை

கூடாது. கன்ட்ரோலர் எரிந்துபோவதற்கு நல்ல வழி அதுதான்.

கூடுதல் மூன்று ஒயர்களும் பேட்டரி அளவு காட்டும் எல்இடி விளக்கு, சாவி, அல்லது மூன்று வேக சுவிட்ச் ஆகியவற்றுக்கானவை. எல்இடிக்கும் சாவிக்கும் பேட்டரியின் முழு வோல்ட்டேஜ் வரும். 48 வோல்ட் பேட்டரி முழு சார்ஜில் 54.6 வரை இருக்கும். அது தவறி 5 வோல்ட் அல்லது சிக்னல் ஒயரைத் தொட்டால், த்ராட்டிலின் சென்சார், மோட்டாரின் சென்சார்கள், கன்ட்ரோலரின் மூளை எல்லாம் ஒரே நொடியில் போகும்.

நிறத்தை மறந்துவிட்டு இரு பக்கமும் அடையாளம் காணுங்கள். கன்ட்ரோலர் பக்கம் மீட்டர் வைத்து 5 வோல்ட்டையும் கிரவுண்டையும் கண்டுபிடித்தால் மிச்சம் இருப்பது சிக்னல். த்ராட்டில் பக்கம், மூடியின் சின்ன ஸ்க்ரூவைக் கழற்றினால் மூன்று கால் கொண்ட கறுப்புச் சென்சார் தெரியும். எழுத்து உள்ள முகம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கப் பிடித்தால் இடமிருந்து வலம் 5 வோல்ட், கிரவுண்ட், சிக்னல். மீட்டரைக் கன்டினியூட்டியில் (இணைப்பு இருந்தால் ஒலிக்கும் நிலை) வைத்து எந்தக் காலிலிருந்து எந்த ஒயர் என்று பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். தேவைப்படாத மூன்று ஒயர்களின் முனைகளையும் தனித்தனியாக மூடிவிடுங்கள். மூன்றையும் சேர்த்து முறுக்கி டேப் சுற்றுவது பலர் செய்யும் தப்பு. எல்இடியையும் பயன்படுத்த விரும்பினால், அது உங்கள் பேட்டரி வோல்ட்டேஜுக்கானதா என்று பார்த்த பிறகு இணையுங்கள். 36 வோல்ட்டுக்கானது 48-ல் சரியாகக் காட்டாது.

இன்னொன்று. பழைய கோல்ஃப் வண்டி வகை த்ராட்டில்கள் சிலவற்றில் ஹால் சென்சார் கிடையாது, திருகத் திருக அளவு மாறும் 5 கிலோஓம் ரெசிஸ்டர்தான். ஹால் கன்ட்ரோலருக்கு அதை அப்படியே மாட்டினால் சரிவராது.

முழு த்ராட்டிலுக்குப் பதில் ஹால் சென்சாரை மட்டும் மாற்ற முடியுமா? – கும்பகோணம்

முடியும். சால்டரிங் கை வந்தவர்களுக்கு அரை மணி வேலை. கேட்டு வாங்க வேண்டியது 49ஈ (49E) என்று முடியும் லீனியர் ஹால் சென்சார். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும். இங்கே நடக்கும் பெரிய குழப்பம், மோட்டாருக்குப் போடும் 41 வரிசைச் சென்சாரை வாங்கி வந்துவிடுவது. பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். 41 என்பது சுவிட்ச் போல வேலை செய்யும். அதைப் போட்டால் நடுவில் எதுவுமில்லாமல் பூஜ்யம் அல்லது முழு வேகம்தான்.

பழைய சென்சாரை எடுக்கும் முன் எழுத்துள்ள முகம் எந்தப் பக்கம் என்று செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். திருகும்போது காந்தத்தின் ஒரு துருவம் விலகி மறு துருவம் சென்சார் முன் வருகிறது. சென்சாரைத் திருப்பி வைத்தால் கணக்கும் தலைகீழாகும்: விட்டால் 4.2, முழுவதும் திருகினால் 0.8. அதனால் புதியதை வைத்ததும் வண்டியோடு இணைக்காதீர்கள். செல்போன் சார்ஜரின் யுஎஸ்பி ஒயரிலிருந்து 5 வோல்ட் கொடுத்து, சிக்னல் 0.8-ல் தொடங்கி ஏறுகிறதா என்று மேசையிலேயே பாருங்கள். சென்சார் ஆடாமல் இருக்க ஒரு துளி எபாக்ஸி போதும். காந்தம் கழன்றிருந்தாலும் அதே எபாக்ஸிதான், ஆனால் பழைய திசையிலேயே ஒட்ட வேண்டும்.

பிளாஸ்டிக் உறையே விரிசல் விட்டிருந்தால் இந்த வேலை வீண். முழு த்ராட்டிலே சில நூறு ரூபாய்தான்.

கையை விட்டாலும் த்ராட்டில் முழுதாகத் திரும்புவதில்லை. எண்ணெய் விடலாமா? – தூத்துக்குடி

எண்ணெய் வேண்டாம், தூசியைப் பிடித்து இன்னும் இறுக்கமாக்கும். பெரும்பாலும் பக்கத்துக் கிரிப் அல்லது ஹேண்டில் முனை மூடி உரசுவதுதான் காரணம். ஆலன் ஸ்க்ரூவைத் தளர்த்தி இரு பக்கமும் 1 முதல் 2 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு மாட்டுங்கள். அந்த ஸ்க்ரூவை அழுத்தி முறுக்காதீர்கள். த்ராட்டில் ஹேண்டிலில் சுற்றாமல் நின்றால் போதும். அதிகம் முறுக்கினால் பிளாஸ்டிக் நசுங்கி, சுழலும் பகுதியையே பிடித்துக்கொள்ளும். கடலோர ஊர்களில் உள்ளிருக்கும் ஸ்பிரிங் துருப்பிடிப்பதும் சகஜம். அப்படியானால் த்ராட்டிலையே மாற்றுங்கள், ஸ்பிரிங்கை இழுத்து வளைத்துச் சமாளிக்க வேண்டாம்.

டிஸ்ப்ளேயில் எண் வருகிறது. த்ராட்டில் கோளாறா என்று எப்படித் தெரியும்? – கோவை

எஸ்866 டிஸ்ப்ளேயில் 22 வந்தால் த்ராட்டில், 24 மோட்டார் ஹால், 25 பிரேக். பாஃபாங் மிட்-டிரைவில் (பெடல் அச்சில் பொருத்தும் மோட்டார்) 04 என்றால் த்ராட்டில் முழுதாகத் திரும்பவில்லை, 05 என்றால் த்ராட்டில் கோளாறு. 04-க்கு எதையும் வாங்காதீர்கள். மேலே தூத்துக்குடி வாசகருக்குச் சொன்னதைச் செய்து, வண்டியை அணைத்து மறுபடி ஆன் செய்யுங்கள். பெரும்பாலும் போய்விடும்.

கட்டைவிரல் த்ராட்டில் நல்லதா, முறுக்குவதா? – சேலம்

சைக்கிளுக்குக் கட்டைவிரல்தான். நிறுத்தி உருட்டும்போதோ, குழந்தை ஹேண்டிலைப் பிடிக்கும்போதோ முறுக்குவது தெரியாமல் திருகிவிடும். தினமும் அரை மணிக்கு மேல் ஓட்டினால் கட்டைவிரல் வலிக்கும் என்பது உண்மை. அப்போது அரைக் கிரிப் முறுக்கு வகையைப் பாருங்கள். எதுவானாலும் ஹேண்டில் 22.2 மில்லிமீட்டரா என்று அளந்து வாங்குங்கள்.

பதிவு எண் உள்ள பெரிய மின்ஸ்கூட்டர். வெளியே இதே த்ராட்டிலை வாங்கிப் போடலாமா? – சென்னை

வேண்டாம். இவற்றில் பலவற்றில் த்ராட்டில் இரண்டு சிக்னல் அனுப்பும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் வண்டி தானே வேகத்தைக் குறைத்துவிடும். வெளியே வாங்கியது பொருந்தினாலும் அந்தப் பாதுகாப்பு போய்விடும், வாரன்டியும் போகும். சர்வீஸ் சென்டரில் கொடுத்து, மாற்றிய பிறகு கேலிப்ரேஷன் (புது த்ராட்டிலின் அளவை வண்டிக்குப் பழக்குவது) செய்தார்களா என்று கேளுங்கள்.

புதிய த்ராட்டில் போட்டால் வேகம் கூடுமா? – ஈரோடு

பழையது முழுவதும் திருகியும் 3 வோல்ட்டைத் தாண்டாமல் இருந்திருந்தால், இழந்த வேகம் திரும்பி வரும். 3.6 வரை போய்க்கொண்டிருந்தது என்றால் எதுவும் மாறாது. பெரும்பாலான கன்ட்ரோலர்களுக்கு அதுவே முழு வேகம்.